நிறத்தால் வந்த காயம்: மருந்து தேடிய டாக்டர்

கால் முறிந்தால் கட்டுப் போட ஆள் உண்டு. காய்ச்சல் வந்தால் மருந்து உண்டு. தோல் கறுப்பு என்பதற்காக ஒரு மனிதனை நாள்தோறும் இழிவுபடுத்தினால், அவன் மனதில் விழும் காயத்துக்கு யாரிடம் போவது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு டாக்டர். மனநோய் டாக்டர். அவரும் கறுப்பர்தான். அந்தக் காயம் அவருக்கும் இருந்தது.

அவர் பெயர் பிரான்ட்ஸ் பனான். 36 வயது வரைதான் வாழ்ந்தார். அதற்குள் 2 கண்டங்களில் வைத்தியம் செய்தார். ஒரு போரில் குண்டு பட்டார். இன்னொரு போரில் நாடு கடத்தப்பட்டார். அவர் எழுதிய புத்தகங்களை இன்றும் உலகம் முழுவதும் படிக்கிறார்கள்.

கரும்புத் தீவு

அமெரிக்காவுக்குப் பக்கத்தில் கரீபியன் கடல் இருக்கிறது. அதில் ஒரு சிறிய தீவு மார்த்தினிக். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட தீவு. அங்கே கரும்புத் தோட்டம் போட்டார்கள். வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்பர்களைப் பிடித்து வந்து அடிமைகளாக வைத்தார்கள். 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. பிறகு கரும்பு வெட்ட ஆள் இல்லை. அதனால் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். முதல் கப்பல் 1853-ல் போய்ச் சேர்ந்தது. அந்தத் தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அந்தத் தீவில் இருக்கிறார்கள். (அது தனிக் கதை.)

பனான் பிறந்தது அந்தத் தீவின் தலைநகரான போர்ட்-டி-பிரான்சு. பிறந்த நாள் 1925 ஜூலை 20. தந்தை சுங்க இலாகாவில் வேலை பார்த்தார். தாய் கடை வைத்திருந்தார். வீட்டில் 8 குழந்தைகள். பணக்காரக் குடும்பம் அல்ல. ஆனால் பிள்ளைகளை நல்ல பள்ளிக்கு அனுப்பும் அளவுக்கு வசதி இருந்தது.

பள்ளியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் தெரியுமா? நம் மூதாதையர் கால் இனத்தார் என்று சரித்திரப் பாடம்! கால் என்பது பழைய பிரான்சில் வாழ்ந்த வெள்ளை இனம். ஆப்பிரிக்க அடிமைகளின் பேரப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். தெருவில் பேசும் கிரியோல் மொழியைப் பேசினால் மரியாதைக் குறைவு. பிரெஞ்சு பேசினால் பெருமை. கதைப் புத்தகத்தில் வீரன் வெள்ளைக்காரன். காட்டுமிராண்டி கறுப்பன். படிக்கிற கறுப்புப் பையன் தன்னை வீரனாகவே நினைத்துக் கொள்வான்.

தான் வெள்ளையன் அல்ல என்பது அவனுக்கு எப்போது தெரியும்? வெள்ளைக்காரர் நடுவில் போய் நிற்கும்போதுதான் தெரியும். பனானுக்கும் அப்படித்தான்.

அவர் படித்த பள்ளியில் எமே செசேர் என்ற கவிஞர் ஆசிரியராக இருந்தார். அவரும் கறுப்பர். கறுப்பாக இருப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல என்று அவர் பேசினார். ஊரே அதைக் கேட்டுத் திகைத்தது.

17 வயதில் போர்

1940-ல் இட்லரின் படை பிரான்சைப் பிடித்தது. பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்கள் மார்த்தினிக் தீவில் வந்து ஒதுங்கின. ஆயிரக்கணக்கான வெள்ளை மாலுமிகள் தீவில் இறங்கினார்கள். காப்பிக் கடை, ஓட்டல் எல்லாம் அவர்கள் கையில். கறுப்பர்களைக் கண்டபடி பேசினார்கள்.

பனான் 17 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். இட்லரை எதிர்க்கும் பிரெஞ்சுப் படையில் சேர, பக்கத்துத் தீவுக்குப் படகில் போனார். அன்று அவருடைய அண்ணனுக்குக் கல்யாணம்! கல்யாண வீட்டிலிருந்தே புறப்பட்டுவிட்டார்.

பிறகு பட்டாளத்தோடு கப்பல் ஏறினார். மொராக்கோ, அல்ஜீரியா, பிரான்சு என்று போனார். மனித சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்ற நினைப்பு. ஆனால் பட்டாளத்திலேயே நிறத்துக்கு ஒரு படி இருந்தது. மேலே வெள்ளையர். நடுவில் தீவுக் கறுப்பர். அடியில் ஆப்பிரிக்கக் கறுப்பர், தலையில் சிவப்புக் குல்லாவுடன். அல்ஜீரியாவில் ஓரான் நகரில் பட்டாளத்தார் ரொட்டித் துண்டுகளைத் தெருவில் வீசினார்கள். பசித்த அரபுக் குழந்தைகள் அதற்காக அடித்துக் கொண்டார்கள். பட்டாளத்தார் அதை வேடிக்கை பார்த்தார்கள். பனானும் பார்த்தார். அவருக்கு அது வேடிக்கையாக இல்லை.

1944 நவம்பரில் பிரான்சின் கிழக்கு எல்லைப் பக்கம் போர். குண்டுச் சிதறல் அவர் மார்பில் பாய்ந்தது. பிழைத்தார். வீரப் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி பெயர் கர்னல் சலான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

ஊர்கள் விடுதலை அடைந்தன. வெற்றி விழாக்கள் நடந்தன. அங்கே வெள்ளைப் பெண்கள் கறுப்புச் சிப்பாய்களுடன் நடனம் ஆட மறுத்தார்கள். தோற்றுப்போன இத்தாலியக் கைதிகளுடன் ஆடினார்கள். பனான் தன் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். நான் தவறான காரணத்துக்காகப் போருக்கு வந்துவிட்டேன் என்ற பொருள்பட எழுதினார். அப்போது அவருக்கு வயது 19.

ரெயிலில் ஒரு குழந்தை

போர் முடிந்து தீவுக்குத் திரும்பினார். செசேர் தேர்தலில் நின்றபோது அவருக்காக வேலை செய்தார். முன்னாள் சிப்பாய்களுக்குப் படிப்பதற்கு அரசாங்கம் உதவி செய்தது. 1946-ல் மறுபடி பிரான்சு சென்றார். முதலில் பாரிசில் பல் வைத்தியம் படிக்கப் போனார். பிடிக்கவில்லை. சில வாரங்களில் விட்டுவிட்டார். லியோன் நகருக்குப் போய் டாக்டர் படிப்பில் சேர்ந்தார். பிறகு மனநோய் வைத்தியத்தை எடுத்துக் கொண்டார்.

லியோனில் கறுப்பு மாணவர்கள் அதிகம் இல்லை. ஒரு நாள் ரெயிலில் ஒரு வெள்ளைக் குழந்தை அவரைப் பார்த்தது. தாயிடம் ஒட்டிக் கொண்டது. கறுப்பனைப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்று சொன்னது. தாய் வெட்கப்பட்டு அதை அடக்கினாள். பனான் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அந்தக் குழந்தை அடிக்கவில்லை. திட்டவில்லை. வெறுமே பயந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில், படித்த மாணவர், போரில் பதக்கம் வாங்கிய வீரர், தாய்க்குப் பிள்ளை என்ற எல்லாம் போய், கறுப்புத் தோல் மட்டும் மிஞ்சியது. குளிரில் உடல் நடுங்குகிறது. குழந்தையோ கறுப்பன் கோபத்தில் நடுங்குகிறான் என்று நினைக்கிறது. இதைப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் காயத்தை அவர் எந்த டாக்டரிடமும் கொண்டு போகவில்லை. எழுதினார். அவருக்கு டைப் அடிக்கத் தெரியாது. அறைக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டே சொல்வார். ஜோசி என்ற இளம் வெள்ளைப் பெண் எழுதிக் கொள்வாள். 1952-ல் அவளையே மணந்து கொண்டார்.

எழுதியதை டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியாகக் கல்லூரியில் கொடுக்க நினைத்தார். பேராசிரியர் ஏற்கவில்லை. இது வைத்திய ஆராய்ச்சி ஆகாது என்று தள்ளிவிட்டார். பனான் நரம்பு நோய் ஒன்றைப் பற்றி வேறு கட்டுரை எழுதிப் பட்டம் வாங்கினார். தள்ளப்பட்ட எழுத்து 1952-ல் கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள் என்ற புத்தகமாக வந்தது. அன்று அதிகம் பேர் வாங்கவில்லை. இன்று பல பல்கலைக் கழகங்களில் பாடம்.

கறுப்பன் பிறக்கும்போது தாழ்வு மனப்பான்மையுடன் பிறப்பதில்லை. பள்ளியும் கதைப் புத்தகமும் சினிமாவும் சட்டமும் சேர்ந்து அதை அவன் மனதில் வைக்கின்றன. ஆகவே நோயாளியை மட்டும் மாற்றினால் போதாது. அவனை நோயாளி ஆக்கிய சமூகத்தையும் மாற்ற வேண்டும். இதுதான் புத்தகத்தின் சாரம்.

வலி எங்கே என்று கேட்ட டாக்டர்கள்

அதே ஆண்டில் அவர் ஒரு கட்டுரையும் எழுதினார். சின்னக் கட்டுரை. என் கணக்கில் புத்தகத்துக்கு அது சளைத்தது அல்ல.

லியோனில் அல்ஜீரியாக் கூலிகள் நிறைய இருந்தார்கள். ஒண்டுக்குடித்தன அறைகளில் அடைந்து கிடப்பார்கள். குடும்பம் கடலுக்கு அப்பால். உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். டாக்டர் வலி எங்கே என்று கேட்பார். எல்லா இடத்திலும் என்பார்கள். வயிறா? ஆமாம். தலையா? ஆமாம். சோதித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இவன் பொய்க்காரன், வேலை செய்யச் சோம்பல், லீவுக்கு வந்திருக்கிறான் என்று டாக்டர்கள் முடிவு கட்டினார்கள். அதற்கு வேடிக்கையாக ஒரு நோய்ப் பெயரும் வைத்தார்கள். வட ஆப்பிரிக்க நோய்!

பனான் அந்தக் கூலிகளின் அறைகளுக்கு நடந்து போனார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். மனைவி இல்லை, மக்கள் இல்லை, தெருவில் மரியாதை இல்லை, போலீசார் எப்போதும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். இப்படி வாழ்கிறவனுக்கு வலி ஒரே இடத்திலா இருக்கும் என்று அவர் கேட்டார். டாக்டர் நோயாளியைப் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தீர்ப்பே நோயை வளர்க்கிறது என்றும் எழுதினார்.

இந்தச் சங்கடம் அந்த ஊரோடு நின்றதல்ல. அமெரிக்காவில் 1968-ல் கறுப்பு மனவியல் அறிஞர்கள் தனியே ஒரு சங்கம் அமைத்தார்கள். அங்கே நிறவெறியால் மனம் புண்பட்டவர்கள் இன்றும் டாக்டரைத் தேடும்போது, மருந்துக்கு முன் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொன்னால் இவர் நம்புவாரா?

ஆஸ்பத்திரிக்கே வைத்தியம்

பிரான்சின் தென்பகுதியில் மலைநாட்டில் சேன் அல்பான் என்ற ஊர். அங்கே ஒரு மனநோய் ஆஸ்பத்திரி. தோஸ்கெல் என்ற டாக்டர் இருந்தார். ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவுக்குத் தப்பி ஓடிவந்த அகதி. பிரெஞ்சைத் தாறுமாறான உச்சரிப்போடு பேசுவார். கெட்டிக்காரர்.

போர்க்காலத்தில் பிரான்சின் மனநோய் ஆஸ்பத்திரிகளில் சுமார் 40 ஆயிரம் நோயாளிகள் பசியாலும் கவனிப்பு இல்லாமலும் செத்தார்கள். சேன் அல்பானில் நோயாளிகள் கிராமத்தாரோடு சேர்ந்து உழைத்தார்கள், உணவு தேடினார்கள், பிழைத்தார்கள். நோயாளியைக் குணப்படுத்துவதற்கு முன் ஆஸ்பத்திரியைக் குணப்படுத்த வேண்டும் என்பது தோஸ்கெலின் கொள்கை. பூட்டும் சுவரும் பயமுமாக இருக்கிற இடத்தில் எந்த மனமும் தேறாது.

பனான் ஒரு வருஷத்துக்கு மேல் அவரிடம் தொழில் கற்றார். 1953-ல் பெரிய பரீட்சை எழுதித் தேறினார். அந்த நவம்பரில் அல்ஜீரியாவில் வேலை கிடைத்தது.

220 பேர் பேசவில்லை

அல்ஜீரியா 1830 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வெள்ளையர் சுமார் 10 லட்சம். அரபு, பெர்பர் முஸ்லிம்கள் 80 லட்சத்துக்கும் மேல். நல்ல நிலம் வெள்ளையர் கையில். பிளிதா என்ற ஊரில், மலை அடிவாரத்தில், பெரிய மனநோய் ஆஸ்பத்திரி. அங்கே வெள்ளையருக்குத் தனி வார்டு, முஸ்லிம்களுக்குத் தனி வார்டு.

அந்த நாட்டு மருத்துவக் கல்லூரியில் பொரோ என்ற பேராசிரியரும் அவர் சீடர்களும் ஒரு கொள்கை பரப்பி வந்தார்கள். வட ஆப்பிரிக்க முஸ்லிமின் மூளையின் மேல்பகுதி சரியாக வேலை செய்யாதாம். அதனால் அவன் பிறவியிலேயே பொய்யனாம், முரடனாம். இதை டாக்டர்களுக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்தார்கள்! நோயாளி உள்ளே நுழையும் முன்பே அவன் கதை முடிந்துவிட்டது.

பனானின் பொறுப்பில் 165 வெள்ளைப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். தோஸ்கெலிடம் கற்ற வைத்தியத்தை ஆரம்பித்தார். பெண்கள் வார்டில் கூட்டம் போட்டார்கள். பாட்டு, சினிமா, தையல், ஒரு சிறு பத்திரிகை, கிறிஸ்துமஸ் பண்டிகை எல்லாம் நடந்தன. சில மாதங்களில் வார்டின் முகமே மாறியது. முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்தார்கள்.

அதையே ஆண்கள் வார்டிலும் செய்தார். கூட்டத்துக்கு வந்தவர்கள் வாய் திறக்கவில்லை. பாட்டுக்கு அசையவில்லை. கூடை பின்னக் கொடுத்தால் கீழே வைத்துவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றார்கள். மாதங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை.

வேறு டாக்டராக இருந்தால் பேராசிரியர் பொரோ சொன்னது சரிதான் என்று எழுதியிருப்பார். பனான் தப்பு தன்னுடையது என்று எழுதினார். அசூலே என்ற இளம் டாக்டரும் அவரும் சேர்ந்து 1954-ல் அந்தத் தோல்வியை ஒளிக்காமல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். நான் படித்த வைத்தியர் வரலாறுகளில் இப்படித் தன் தோல்வியைத் தானே அச்சில் போட்டவர் மிகக் குறைவு.

தப்பு எங்கே? பனானுக்கு அரபு தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினார். அந்த நாட்டு ஏழைக்கு மொழிபெயர்ப்பாளர் என்றால் யார்? கோர்ட்டிலும் கச்சேரியிலும் அதிகாரிக்குப் பக்கத்தில் நிற்கிறவர். அவர் மூலம் மனதைத் திறப்பார்களா? கூடை பின்னுவது அந்த ஊரில் பெண்கள் வேலை. ஆண்மகன் தொடுவானா? படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். அவர்களிடம் பத்திரிகை எழுதச் சொன்னால்? பண்டிகை கிறிஸ்துவர் பண்டிகை. சினிமா வெள்ளைக்காரர் கதை. தீவுப் பள்ளியில் தனக்குச் செய்ததையே தான் இந்த மனிதர்களுக்குச் செய்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. வெள்ளை முகமூடி!

எல்லாவற்றையும் மாற்றினார். வார்டில் ஒரு அரபுக் காப்பிக் கடை திறந்தார். நம் ஊர் டீக்கடை மாதிரி. ஆண்கள் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள், விளையாடுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். முஸ்லிம் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. முப்தி வந்து தொழுகை நடத்தினார். கதை சொல்கிறவரைக் கூப்பிட்டார்கள். அந்த ஊர்ப் பாட்டு ஒலித்தது. நோயாளிகளே கால்பந்து மைதானம் போட்டார்கள். தோட்டத்துக்கு நிலம் ஒதுக்கினார். அவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத விவசாயக் கூலிகள். கையில் மண்வெட்டி கொடுத்ததும் யாரும் ஏவாமலே வெட்ட ஆரம்பித்தார்கள்.

சுவர் ஓரத்தில் நின்றவர்கள் பேசினார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. நோயாளியிடம் படங்களைக் காட்டி, பார்த்ததை வைத்துக் கதை சொல்லச் சொல்வது மனநோய் டாக்டர்களின் வழக்கம். முஸ்லிம் பெண்களிடம் காட்டினால் கதையே வராது. கற்பனை இல்லாதவர்கள் என்று எழுதிவிடுவார்கள். பனான் 1956-ல் இதை ஆராய்ந்தார். படத்தில் இருந்ததெல்லாம் ஐரோப்பிய வீடு, ஐரோப்பிய உடை, ஐரோப்பிய வாழ்க்கை! தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத உலகத்தைப் பற்றி அந்தப் பெண்கள் என்ன கதை சொல்வார்கள் என்று காட்டினார்.

அவர் எல்லாவற்றிலும் புதுமை செய்தார் என்று நினைக்க வேண்டாம். மின்சார அதிர்ச்சி வைத்தியமும் இன்சுலின் வைத்தியமும் அந்தக் கால டாக்டர்களைப் போல அவரும் செய்தார்.

மரத்தடியில் போலீஸ்காரர்

1954 நவம்பர் 1-ந் தேதி அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. பிரெஞ்சு ராணுவமும் போலீசும் சந்தேகப்பட்டவர்களைப் பிடித்துச் சித்ரவதை செய்தன. சித்ரவதைக்கு ஆளானவர்கள் மனம் உடைந்து பனானிடம் வந்தார்கள். சித்ரவதை செய்தவர்களும் வந்தார்கள்! இருவருக்கும் அவரே டாக்டர்.

ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். வீட்டில் மனைவியையும் குழந்தைகளையும் அடிக்கிறாராம். கைக்குழந்தையைக்கூட விடவில்லை. பகலில் செய்யும் வேலை இரவில் வீட்டுக்கு வந்துவிடுகிறது என்று அவருக்கே தெரிந்தது. வேலையை விடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. மனம் உறுத்தாமல் அதே வேலையைத் தொடர்ந்து செய்ய வழி கேட்டார்.

இன்னொருவர் 28 வயதுப் போலீஸ்காரர். இரவில் தூக்கம் இல்லை. காதில் அலறல் கேட்கிறது. ஜன்னலை அடைக்கிறார், பஞ்சு வைக்கிறார், ரேடியோவை வைக்கிறார். நிற்கவில்லை. பனான் அவருக்குத் தன் வீட்டில் வைத்தே வைத்தியம் செய்தார். வீடு ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருந்தது.

ஒரு நாள் பனான் வர நேரமாகிவிட்டது. போலீஸ்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு வளாகத்தில் உலாவப் போனார். பனான் வரும்போது அவர் ஒரு மரத்தில் சாய்ந்து, வேர்த்து விறுவிறுத்து, நடுங்கிக் கொண்டிருந்தார். வழியில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டார். தான் சித்ரவதை செய்த அதே ஆள்!

பனான் போலீஸ்காரரை வீட்டுக்குக் கூட்டிப்போய் மருந்து கொடுத்தார். பிறகு அந்த நோயாளியைத் தேடி ஓடினார். ஆளைக் காணோம். கடைசியில் ஒரு குளியல் அறையில் கண்டுபிடித்தார்கள். உயிரை மாய்த்துக் கொள்ளப் பார்த்தார் அவர். நல்லவேளை, காப்பாற்றி விட்டார்கள். தன்னைத் திரும்பப் பிடித்துப்போகப் போலீஸ் வந்துவிட்டது என்று எண்ணிவிட்டார்.

ஆஸ்பத்திரியார் அவருக்குப் பல நாள் சமாதானம் சொன்னார்கள். போலீஸ் யாரும் இங்கே வரவில்லை, களைப்பினால் உங்களுக்கு அப்படித் தோன்றியது, இங்கே உங்களைக் கவனித்துக் கொள்ளத்தான் வைத்திருக்கிறோம் என்றார்கள்.

அது பொய். அந்த மனிதர் கண் பார்த்தது நிஜம். மனம் கலங்கியவனுக்கு அவன் பார்த்தது உண்மை என்று சொல்லி ஆற்றுவதுதான் பனான் லியோனிலிருந்து கற்ற வைத்தியம். அதை அந்த ஆஸ்பத்திரியில் செய்ய முடியாமல் போயிற்று. உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் தாங்கமாட்டார்.

போலீஸ்காரர் உடல்நலத்தைக் காட்டி பிரான்சுக்கு மாற்றல் வாங்கிக் கொண்டு போய்விட்டார்.

இந்த இரண்டு பேர் கதையையும் பனான் பெயர் சொல்லாமல் தன் கடைசிப் புத்தகத்தில் எழுதினார்.

ராஜினாமா

1956 கடைசியில் பனான் ராஜினாமாக் கடிதம் எழுதினார். அல்ஜீரியாவை ஆண்ட பிரெஞ்சு மந்திரி லகோஸ்டுக்கே அனுப்பினார். மனநோய் வைத்தியம் என்பது மனிதன் தான் வாழும் இடத்தில் அன்னியனாக இல்லாமல் செய்வது. இந்த நாட்டில் அரபு மனிதன் தன் மண்ணிலேயே அன்னியனாக வைக்கப்பட்டிருக்கிறான். அவனை எப்படிக் குணப்படுத்துவது? இதுதான் கடிதத்தின் கருத்து.

1957 ஜனவரியில் அவரை நாடு கடத்தினார்கள். அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவத்துக்குத் தலைமைத் தளபதி அப்போது யார் தெரியுமா? ஜெனரல் சலான். போரில் பனானுக்குப் பதக்கப் பத்திரம் கொடுத்த அதே சலான்!

பக்கத்து நாடான துனிசியாவுக்குப் போனார் பனான். விடுதலை இயக்கத்தில் வெளிப்படையாகச் சேர்ந்தார். அதன் பத்திரிகையில் எழுதினார். வைத்தியத்தை விடவில்லை. துனிஸ் நகரில் பகல் ஆஸ்பத்திரி ஒன்று நடத்தினார். நோயாளிகள் காலையில் வருவார்கள். மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரிச் சட்டை இல்லை, பூட்டு இல்லை. மனைவி மக்களோடு சாப்பிட்டு, சொந்தத் தெருவில் நடந்து, அங்கே வருகிற சிக்கலை மறுநாள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நோய் பிறந்த இடத்திலேயே அதைத் தீர்க்கும் முயற்சி. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வைத்தியம் பெற்றார்கள்.

1960-ல் கானா நாட்டில் அல்ஜீரிய இயக்கத்தின் தூதர் ஆனார். அந்த ஆண்டு முடிவதற்குள் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது.

கடைசிப் புத்தகம்

மாஸ்கோவில் வைத்தியம் பார்த்தார்கள். கொஞ்சம் தேறினார். தனக்கு நாள் அதிகம் இல்லை என்று டாக்டரான அவருக்குத் தெரியும். துனிஸ் திரும்பி, பூமியில் சபிக்கப்பட்டவர்கள் என்ற புத்தகத்தை 1961-ல் சில மாதங்களில் சொல்லி முடித்தார். ரோம் நகரில் தத்துவ அறிஞர் சார்த்தரைச் சந்தித்து இரவு 2 மணி வரை பேசினார். சார்த்தர் முன்னுரை எழுதினார்.

அடிமைப்பட்ட மக்கள் ஆயுதம் எடுப்பதை அந்தப் புத்தகம் ஆதரிக்கிறது. காந்தியடிகள் பிறந்த நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு அது கரடுமுரடாகத்தான் இருக்கும். அதைப் பற்றி அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனால் சண்டை போடுகிற பலர் முதல் பகுதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கடைசியில் நோயாளிகளின் கதைகள் இருக்கின்றன. வன்முறை, அதைச் செய்தவன் மனதையும் எப்படி அரிக்கிறது என்று அங்கே எழுதியிருக்கிறார். விடுதலை வீரர்களின் தூக்கமற்ற இரவுகளும் அதில் உண்டு.

1961 அக்டோபரில் அவரை அமெரிக்கா கொண்டு போனார்கள். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பெதெஸ்தா என்ற ஊரில் அரசாங்க ஆராய்ச்சி ஆஸ்பத்திரி. இப்ராகிம் பனான் என்று பெயர் கொடுத்துச் சேர்த்தார்கள். மனைவி ஜோசியும் 6 வயது மகன் ஒலிவியேயும் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் அப்போது பல மாநிலங்களில் கறுப்பர் வெள்ளையருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அந்த நாட்டில்தான் அவர் கடைசி நாட்கள் கழிந்தன.

டிசம்பர் தொடக்கத்தில் அச்சான புத்தகம் கைக்கு வந்தது. பாரிசில் அதே புத்தகத்தைப் போலீசார் பறிமுதல் செய்து கொண்டிருந்தார்கள். 1961 டிசம்பர் 6-ந் தேதி பனான் இறந்தார்.

அல்ஜீரிய மண்ணில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உடலை விமானத்தில் துனிஸ் கொண்டு வந்தார்கள். போர் அப்போதும் நடந்து கொண்டிருந்தது. விடுதலைப் படையினர் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து, எல்லை தாண்டி, அல்ஜீரியாவுக்குள் கொண்டு போய்ப் புதைத்தார்கள்.

7 மாதம் கழித்து, 1962 ஜூலை 5-ந் தேதி, அல்ஜீரியா விடுதலை பெற்றது. காப்பிக் கடையும் கால்பந்து மைதானமும் வைத்து அவர் வைத்தியம் செய்த பிளிதா ஆஸ்பத்திரிக்கு இன்று அவர் பெயர்தான்.